ஹிந்தோஸ்தான் முதல் ஹிந்துஸ்தான் வரை: இந்தி இதழியலுக்கு வழியமைத்த மதன் மோகன் மாளவியா

திருப்பதி: ஏழுமலையான் கோயிலின் செய்திகளைத் தாங்கி வரும் சப்தகிரி மாத இதழ் தெலுங்கு, தமிழ், கன்னடம் ஆகியவற்றுடன் இந்தியிலும் வெளிவருகிறது. சமயத்தில் வேரூன்றிய ஓர் இதழ் இந்தி மொழியில் வாசகர்களைத் தேடிச் செல்வது இன்று எவருக்கும் வியப்பளிப்பதில்லை. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், இந்தி நாளிதழ் என்பதே துணிச்சலான முயற்சியாக இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு கிராமத்து அரண்மனையில் அமர்ந்து இந்தி நாளிதழை நடத்தியவர், பின்னர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தை நிறுவிய பண்டித மதன் மோகன் மாளவியா.

பல்கலைக்கழக நிறுவனராகவும் காங்கிரஸ் தலைவராகவும் அறியப்படும் மாளவியா, வாழ்நாளின் பெரும்பகுதியில் ஏதேனும் ஒரு பத்திரிகையின் பொறுப்பைச் சுமந்தவர். அவருடைய பணிகளின் தொடர்ச்சி சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் வளர்ந்த மனிதர்களோடும் நிறுவனங்களோடும் பின்னிக் கிடக்கிறது.

பாகவதக் கதை சொல்லும் குடும்பம்

மாளவியா 1861-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி அலகாபாத்தில், இன்றைய பிரயாக்ராஜில் பிறந்தார். அவருடைய முன்னோர் மத்திய இந்தியாவின் மாளவ நாட்டிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். மாளவியா என்ற பெயர் அதனால் வந்தது. தந்தை பண்டித பிரிஜ்நாத் சமஸ்கிருதப் புலவர். ஸ்ரீமத் பாகவதத்தைக் கதையாகச் சொல்வதே அவருடைய வாழ்வாதாரம். குடும்பத்தில் புலமை நிறைந்திருந்தது, பொருள் குறைந்திருந்தது.

சமஸ்கிருதப் பாடசாலைகளில் தொடங்கிய படிப்பு, ஆங்கிலப் பள்ளியிலும் மியூர் மத்தியக் கல்லூரியிலும் தொடர்ந்தது. 1884-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் இளங்கலைப் பட்டம் பெற்றார். மேற்படிப்பு படிக்க ஆசை இருந்தும், குடும்ப நிலை காரணமாக அலகாபாத் பள்ளி ஒன்றில் ஆசிரியராகச் சேர்ந்தார். தந்தையைப் போலவே பாகவதக் கதை சொல்பவராக வேண்டும் என்ற எண்ணமும் அவரிடம் இருந்தது. இளமையில் மகரந்த் என்ற புனைபெயரில் கவிதைகளும் எழுதினார்.

அரண்மனையில் ஓர் ஆசிரியர்

1886-ஆம் ஆண்டு டிசம்பரில் தாதாபாய் நவ்ரோஜி தலைமையில் கல்கத்தாவில் காங்கிரஸின் இரண்டாவது மாநாடு நடைபெற்றது. சட்டமன்றங்களில் இந்தியருக்குப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று 25 வயதுப் பள்ளி ஆசிரியர் அங்கு ஆற்றிய உரை பலரைக் கவர்ந்தது. கேட்டவர்களுள் ஒருவர் காலாகாங்கர் சமஸ்தானத்தின் ராஜா ராம்பால் சிங்.

ராஜா 1883-இல் லண்டனில் ஹிந்தோஸ்தான் என்ற இதழைத் தொடங்கியவர். 1885 முதல் அது கங்கைக் கரையில் உள்ள காலாகாங்கரிலிருந்து இந்தி நாளிதழாக வெளிவந்தது. அதற்கு ஆசிரியராக வருமாறு மாளவியாவை அவர் அழைத்தார். பள்ளியில் கிடைத்ததைவிடப் பன்மடங்கு ஊதியம். மாளவியா ஒரு நிபந்தனையின் பேரில் இசைந்தார். ராஜா மது அருந்தியிருக்கும் வேளையில் தன்னை அழைத்துப் பேசக் கூடாது என்பதே அது. 1887-இல் அவர் பொறுப்பேற்றார்.

அச்சு வசதியும் தொடர்பு வசதியும் குறைந்த ஒரு கிராமத்திலிருந்து நாள்தோறும் பத்திரிகை கொண்டு வருவது எளிதன்று. இந்தி உரைநடையும் அப்போது முழு உருப்பெறவில்லை. அரசியல், சட்டம், நிர்வாகம் ஆகியவற்றை எழுதுவதற்கான சொற்களை ஆசிரியர் குழுவே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பிரதாப் நாராயண் மிஸ்ரா, பால்முகுந்த் குப்தா ஆகிய எழுத்தாளர்கள் அந்த இதழில் பணியாற்றினர். குப்தா பின்னாளில் கல்கத்தாவின் பாரத் மித்ரா இதழின் ஆசிரியராகப் புகழ்பெற்றார்.

ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளில் அந்தப் பணி முடிவுக்கு வந்தது. ஒருநாள் ராஜா நிபந்தனையை மறந்து, மது மயக்கத்தில் ஆசிரியரை அழைத்துவிட்டார். மாளவியா பதவியைத் துறந்து அலகாபாத் திரும்பினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் பதிவு செய்கின்றன. ராஜா வருந்தினார்; மாளவியாவின் சட்டப் படிப்புக்குத் தொடர்ந்து பொருளுதவியும் செய்தார். பிரிவில் பகை இல்லை. ஆனால் பத்திரிகையின் உரிமையாளருக்கும் ஆசிரியருக்கும் இடையே ஓர் எல்லைக்கோடு உண்டு என்பதை அந்த விலகல் உணர்த்தியது. அந்த எல்லையைக் காப்பதற்குப் பணம் வேண்டும் என்ற பாடத்தை மாளவியா அடுத்த நாற்பது ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் கற்க நேர்ந்தது.

நீதிமன்றத்தின் எழுத்து எது?

1891-இல் சட்டப் பட்டம் பெற்ற மாளவியா, 1893 முதல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். வருவாய் பெருகியது. அதே வேளையில், நீதிமன்றங்களில் எந்த எழுத்து வழங்க வேண்டும் என்ற வினா அவரை ஈர்த்தது.

அன்றைய வடமேற்கு மாகாண நீதிமன்றங்களில் பாரசீக எழுத்தில் அமைந்த உருது மொழியே வழக்கில் இருந்தது. நாகரி எழுத்தை மட்டும் அறிந்த ஒரு விவசாயி, தன் பெயரில் வந்த அழைப்பாணையைப் படிக்க இன்னொருவரை நாட வேண்டியிருந்தது. நீதிமன்ற எழுத்தும் தொடக்கக் கல்வியும் எவ்வாறு ஒன்றையொன்று பாதிக்கின்றன என்பதை விளக்கி, விரிவான ஆவணம் ஒன்றை மாளவியா 1897-இல் வெளியிட்டார். 1898-ஆம் ஆண்டு மார்ச் மாதம் மாகாண ஆளுநர் சர் ஆண்டனி மெக்டானலிடம் தூதுக்குழு ஒன்று இக்கோரிக்கையை முன்வைத்தது. 1900-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் தேதி நாகரியிலும் மனு அளிக்கலாம் என்ற அரசாணை பிறந்தது.

அந்த வெற்றிக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. உருதுவின் இடம் பறிபோவதாக முஸ்லிம் தலைவர்கள் கருதினர். அலிகாரின் மோசின்-உல்-முல்க் உருது பாதுகாப்பு இயக்கத்தை முன்னின்று நடத்தினார். எளிய மக்களுக்குப் புரியும் எழுத்து என்ற நியாயமான கோரிக்கை, இந்தி இந்துக்களுக்கு, உருது முஸ்லிம்களுக்கு என்ற பிளவுக்கும் இடம் கொடுத்தது. 1910-இல் காசியில் கூடிய முதல் இந்தி சாகித்ய சம்மேளனத்துக்குத் தலைமை வகித்தவரும் மாளவியாவே.

இந்தப் பின்னணி தமிழ் வாசகர்களுக்கு முக்கியமானது. வடக்கில் நாகரி இயக்கம், மக்களின் எழுத்துக்கு அரசு அலுவலகத்தில் இடம் கேட்ட போராட்டமாகத் தொடங்கியது. அதே இந்தி, 1938-இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக நுழைந்தபோது, இங்கு மக்கள் மொழியின் இடத்தைக் குறைக்க வந்த ஒன்றாகப் பார்க்கப்பட்டது. நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்டு உயிர் நீத்தனர். 1940-இல் அந்த ஆணை விலக்கிக் கொள்ளப்பட்டது. ஒரே மொழி ஓரிடத்தில் உரிமையாகவும் மற்றோரிடத்தில் திணிப்பாகவும் உணரப்பட்டது என்பது இந்திய மொழி அரசியலின் மாறாத சிக்கல்.

அப்யுதயாவும் லீடரும்

1907-ஆம் ஆண்டு வசந்த பஞ்சமி நாளில் மாளவியா அலகாபாத்தில் அப்யுதயா என்ற இந்தி வார இதழைத் தொடங்கினார். மிதவாதிகளும் தீவிரவாதிகளும் பிரிந்து நின்ற காலம் அது. இரு தரப்புக்கும் நடுவே நின்று, சட்ட வழியிலான ஆனால் உறுதியான அரசியலை அவ்விதழ் முன்வைத்தது. முதல் இரண்டு ஆண்டுகள் மாளவியாவே ஆசிரியராக இருந்தார். 1910-இல் மர்யாதா என்ற இந்தி மாத இதழும் வெளிவரத் தொடங்கியது.

அப்யுதயா ஒரு பயிற்சிக் களமாகவும் அமைந்தது. பின்னாளில் இந்தி இயக்கத்தின் முகமாக விளங்கிய புருஷோத்தம் தாஸ் டண்டன் அதில் பணியாற்றினார். 1913-இல் கான்பூரில் பிரதாப் இதழைத் தொடங்கிய கணேஷ் சங்கர் வித்யார்த்தியும் அங்கிருந்து சென்றவரே. 1931-இல் பகத் சிங் தூக்கிலிடப்பட்ட பின் அவருக்காகவே அப்யுதயா சிறப்பிதழ் வெளியிட்டது. நிறுவனர் மிதவாதியாக இருந்தும், இதழ் காலத்தின் கொதிப்பை மறைக்கவில்லை.

ஆங்கிலம் படித்த வர்க்கத்தையும் அரசையும் எட்டுவதற்கு இந்தி இதழ் மட்டும் போதாது என்பதை உணர்ந்த மாளவியா, 1909-ஆம் ஆண்டு அக்டோபரில் லீடர் என்ற ஆங்கில நாளிதழைத் தொடங்க முன்னின்றார். மோதிலால் நேரு அதன் இயக்குநர் குழுவுக்கு முதல் தலைவரானார். அதே ஆண்டு லாகூர் காங்கிரஸுக்கு மாளவியா தலைமை ஏற்றார்.

லீடரைத் தோளில் சுமந்தவர் விஜயநகரத்தில் பிறந்த தெலுங்கரான சி.ஒய்.சிந்தாமணி. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இன்றி இதழியலில் நுழைந்த அவர், 1920-களில் அமைச்சராக இருந்த இடைவெளி நீங்கலாக, 1941-இல் மறையும் வரை ஏறத்தாழ அந்தப் பத்திரிகையின் குரலாகவே இருந்தார். ஆந்திரத்திலிருந்து சென்ற ஒருவர் கங்கைச் சமவெளியின் பொதுக்கருத்தை உருவாக்கியது அக்காலப் பத்திரிகை உலகின் பரப்பைக் காட்டுகிறது.

மத்திய சட்டமன்றத்திலும் மாளவியா பத்திரிகைகளின் பக்கமே நின்றார். ஜாமீன் தொகை கேட்டும் அச்சகங்களைப் பறிமுதல் செய்தும் இதழ்களை ஒடுக்க வழிவகுத்த 1910-ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டத்தை எதிர்த்தார். 1919-இல் ரௌலட் சட்டம் நிறைவேறியபோது உறுப்பினர் பதவியைத் துறந்தார்.

காசியும் சித்தூரும்

காசியில் ஒரு பல்கலைக்கழகம் அமைய வேண்டும் என்ற மாளவியாவின் திட்டத்துக்கு அடித்தளம் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. 1898-இல் அன்னி பெசன்ட் அங்கு மத்திய இந்துக் கல்லூரியை நிறுவியிருந்தார். இருவரும் தனித்தனியே தீட்டிய திட்டங்கள் 1911-இல் ஒன்றிணைந்தன. பெசன்ட் தம் கல்லூரியைப் புதிய பல்கலைக்கழகத்துக்கு ஒப்படைத்தார். 1915-இல் சட்டம் நிறைவேறியது. 1916-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி வைஸ்ராய் ஹார்டிஞ்ச் அடிக்கல் நாட்டினார்.

அதே பெசன்டின் இயக்கம் 1915-இல் மதனப்பள்ளியிலும் கல்லூரி ஒன்றைத் தொடங்கியது. மதனப்பள்ளி அப்போது, 1911-இல் உருவான சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதி. ஜே.கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர். 1919-இல் ரவீந்திரநாத் தாகூர் அங்குத் தங்கியிருந்தபோதுதான் ஜன கண மன பாடலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். காசியிலும் மதனப்பள்ளியிலும் ஒரே கல்விக் கனவு இரு வடிவம் எடுத்தது.

பல்கலைக்கழகத்துக்காக மாளவியா நாடெங்கும் சுற்றி நிதி திரட்டினார். சமஸ்தானங்களின் அரண்மனைகள் முதல் சிற்றூர்க் கூட்டங்கள் வரை அவர் கையேந்தாத இடம் குறைவு. ஒரு கோடி ரூபாய் என்ற இலக்கு அன்று மலைப்பூட்டும் தொகை. தமிழகத்தின் பி.எஸ்.சிவசாமி ஐயர் சிறிது காலம் துணைவேந்தராக இருந்தபின், 1919 முதல் 1938 வரை மாளவியாவே அப்பொறுப்பை வகித்தார்.

அவருக்குப் பின் 1939-இல் துணைவேந்தராக வந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். திருத்தணியில் பிறந்து, 1896 முதல் 1900 வரை திருப்பதியில் உள்ள லூத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றவர் அவர். திருத்தணியும் 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊரே. மலையடிவாரத்தில் பாடம் படித்த சிறுவனிடம், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கங்கைக் கரைப் பல்கலைக்கழகம் ஒப்படைக்கப்பட்டது. 1948 வரை அவர் அதை நடத்தினார்.

போட்டியாக எழுந்த ஆஜ்

1920-இல் காந்தி ஒத்துழையாமை இயக்கத்தை அறிவித்து, அரசு உதவி பெறும் கல்வி நிலையங்களைப் புறக்கணிக்கச் சொன்னபோது, மாளவியா இணங்கவில்லை. அரும்பாடுபட்டுக் கட்டிய பல்கலைக்கழகத்தை மூட அவர் மனம் ஒப்பவில்லை. அதே காசி நகரில் சிவபிரசாத் குப்தா 1920-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி ஆஜ் என்ற இந்தி நாளிதழைத் தொடங்கினார். 1921-இல் அரசு உதவி ஏற்காத காசி வித்யாபீடமும் பிறந்தது. மாளவியா பண்படுத்திய இந்தி இதழியல் நிலத்தில், அவரிலிருந்து மாறுபட்ட அரசியல் விளைந்தது.

ஆனால் போராட்டக்காரர்களை அவர் கைவிடவில்லை. 1922-ஆம் ஆண்டு சௌரி சௌரா வன்முறை தொடர்பான வழக்கில் செஷன்ஸ் நீதிமன்றம் 172 பேருக்கு மரண தண்டனை விதித்தது. வழக்கறிஞர் தொழிலிலிருந்து விலகியிருந்த மாளவியா மீண்டும் உயர் நீதிமன்றத்தில் வாதாடினார். 1923-இல் வந்த தீர்ப்பில் 19 பேரின் மரண தண்டனை மட்டுமே உறுதி செய்யப்பட்டது.

ஹிந்துஸ்தான் பிறந்த கதை

1924-இல் அகாலி இயக்கத்தினர் டெல்லியில் ஹிந்துஸ்தான் டைம்ஸ் என்ற ஆங்கில நாளிதழைத் தொடங்கினர். காந்தி அதைத் தொடங்கிவைத்தார். கே.எம்.பணிக்கர் அதன் முதல் ஆசிரியர். விரைவிலேயே பணமின்றிப் பத்திரிகை தள்ளாடியது. அதை வாங்கி நடத்த முன்வந்தவர் மாளவியா. இதற்காக 50,000 ரூபாய் திரட்டப்பட்டது. லாலா லஜபதி ராயும் எம்.ஆர்.ஜெயகரும் துணை நின்றனர். பணத்தின் பெரும்பகுதியைத் தொழிலதிபர் ஜி.டி.பிர்லா அளித்தார்.

மாளவியா 1946 வரை நிறுவனத்தின் தலைவராக இருந்தார். 1936-இல் அதே நிறுவனத்திலிருந்து ஹிந்துஸ்தான் என்ற இந்தி நாளிதழ் வெளிவந்தது. காலாகாங்கரில் ஹிந்தோஸ்தான் ஆசிரியராக அமர்ந்த 49 ஆண்டுகளுக்குப் பின், ஏறத்தாழ அதே பெயரில் இன்னொரு நாளிதழ் அவர் தலைமையின் கீழ் பிறந்தது. முதலாவது ஒரு ராஜாவின் செல்வத்தில் நின்றது. இரண்டாவது ஒரு தொழிலதிபரின் முதலீட்டில் நின்றது. நாளிதழின் உரிமை இறுதியில் பிர்லா குடும்பத்திடமே சேர்ந்தது. ராஜாவின் அழைப்பு ஒன்றுக்காகப் பதவி விலகிய மனிதராலும், பெருமுதலீடு இன்றி நாளிதழ் நடத்தும் வழியைக் கண்டறிய இயலவில்லை.

இந்த நிறுவனத்தின் நிர்வாக ஆசிரியராக 1937-இல் பொறுப்பேற்றவர் காந்தியின் மகனும் ராஜாஜியின் மருமகனுமான தேவதாஸ் காந்தி. 1918-இல் சென்னைக்கு வந்து இந்தி கற்பித்த முதல் பிரசாரகரும் அவரே.

சமயமும் சமூகமும்

மாளவியாவின் இதழ்களுக்கு இந்து சமயப் பற்று உரமாக இருந்தது. இந்து மகாசபையின் தொடக்க காலத் தலைவர்களுள் அவரும் ஒருவர்; 1922, 1923 ஆகிய ஆண்டுகளில் அதன் மாநாடுகளுக்குத் தலைமை வகித்தார். 1933-இல் காசியிலிருந்து சனாதன தர்மம் என்ற வார இதழையும் கொண்டுவந்தார். காங்கிரஸில் இருந்துகொண்டே ஒரு சமயத்தாரின் அமைப்பையும் வழிநடத்தியது அன்றே விமர்சிக்கப்பட்டது. இந்திய தேசியம் என்பதை இந்துப் பண்பாட்டோடு மிக நெருக்கமாகப் பிணைத்தார் என்ற குற்றச்சாட்டு இன்றைய வரலாற்றாய்வுகளிலும் தொடர்கிறது.

ஆசாரத்தில் வைதிகராக வாழ்ந்த அவர், தாழ்த்தப்பட்டோருக்கு மந்திர உபதேசம் அளித்து, வைதிகரின் எதிர்ப்புக்கும் ஆளானார். சீர்திருத்தக்காரர்களுக்கோ அது போதுமானதாகத் தெரியவில்லை. 1932-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் தேதி கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி.ராஜா, ராஜாஜி ஆகியோருடன் மாளவியாவும் ஒப்பமிட்டார். தனித் தொகுதிகள் கைவிடப்பட்டு, மாகாணச் சட்டமன்றங்களில் தாழ்த்தப்பட்டோருக்கான இடங்கள் 71-இலிருந்து 148 ஆக உயர்ந்தன. ஆயினும் வகுப்புவாரித் தீர்ப்பை ஏற்காத மாளவியா, 1934-இல் எம்.எஸ்.ஆனேயுடன் இணைந்து காங்கிரஸ் தேசியவாதக் கட்சியை அமைத்தார்.

இறுதி நாள்கள்

1937-க்குப் பின் தீவிர அரசியலிலிருந்து ஒதுங்கிய மாளவியா, காசியிலேயே வாழ்ந்தார். 1946-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி, விடுதலைக்கு ஒன்பது மாதங்களே எஞ்சியிருந்த நிலையில், 84-ஆம் வயதில் காலமானார். எந்தப் பிளவைக் குறித்து அவர் அஞ்சினாரோ, எந்தப் பிளவுக்கு அவருடைய மொழி அரசியலும் ஒரு பங்களித்தது என்று விமர்சகர்கள் கூறினார்களோ, அந்தப் பிரிவினை மறு ஆண்டு நிகழ்ந்தது. 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் அவருக்குப் பாரத ரத்னா விருது அறிவிக்கப்பட்டது.

ஹிந்தோஸ்தான், அப்யுதயா, மர்யாதா, லீடர் ஆகியவை இன்று ஆவணக் காப்பகங்களில் மட்டுமே காணக் கிடைக்கின்றன. ஹிந்துஸ்தான் மட்டும் இந்தி மாநிலங்களின் முன்னணி நாளிதழ்களுள் ஒன்றாக நாள்தோறும் வெளிவருகிறது. அதன் பணத்தை யார் போடுவது, அதில் எழுதப்படுவதை யார் முடிவு செய்வது என்ற காலாகாங்கர் காலத்து வினாவோ, இந்தியிலும் தமிழிலும் தெலுங்கிலும் எல்லாச் செய்தி அறைகளிலும் இன்னும் விடை தேடிக் கொண்டிருக்கிறது.